சிப்ரியானோவின் அறுபது வயலின்கள்

"என் அடக்கப் பூசைக்கு அறுபது வயலின் வரும், மனாங். ஒண்ணு குறையாது. எல்லாரும் கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு, கோயில் மாடியில இடம் பத்தாம ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்து வாசிப்பாங்க."

மூக்கில் ஆக்சிஜன் குழாயும் காதில் ஹெட்போனுமாகப் படுத்திருந்த சிப்ரியானோ இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அவருடைய அக்கா கன்சோலாசியோன், அவருக்கு மனாங், ஊருக்கெல்லாம் அத்தை, அதாவது தியா சோலிங், கோழிக் கஞ்சிக் கரண்டியை அவர் உதட்டருகே பிடித்தபடி காத்திருந்தாள். எழுபது வயதுத் தம்பியை அவள் இன்னும் பால்குடிப் பிள்ளையைப்போலத் தோத்தோ என்றுதான் கூப்பிட்டாள்.

"இந்தத் தெருவுல அறுபது நாற்காலியே கிடையாது, தோத்தோ. வாயத் திற."

"வியன்னாவுலேர்ந்து வர்றவங்க நாற்காலியையும் கொண்டுட்டு வருவாங்க."

"அவங்க வந்து சேர்றதுக்குள்ள நீ ஊசிப் போயிடுவ. வாயத் திறன்னு சொன்னேன்ல?"

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, பூனை படுத்தாலே நெருக்கடியாகிவிடும் இடத்தில், கணினிக்கு முன்னால் குறுகி உட்கார்ந்திருந்த ஜோவிதா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு அப்பாவின் விரல் நகங்களைப் பார்த்தாள். நேற்றைக்கு நீலமா இல்லையா என்று சந்தேகப்படும்படி இருந்தன. இன்றைக்குச் சந்தேகம் இல்லை.

சிப்ரியானோ உல்லாசக் கப்பல்களில் பியானோ வாசித்து ஓய்வு பெற்றவர். அவர் வாசிப்பைக் கேட்டுத் திமிங்கிலங்கள் பாதை மாறி வந்திருக்கின்றன. கேப்டன் சுக்கானை விட்டுவிட்டு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்க, கப்பல் தானாகவே துறைமுகம் போய்ச் சேர்ந்திருக்கிறது. எல்லாம் அவரே சொன்னதுதான். தியா சோலிங் ஒன்றையும் நம்பியதில்லை. "எங்க தோத்தோ உண்மையா வாயத் திறந்தது ஞானஸ்நானத் தண்ணி தலையில பட்டப்பதான். அப்பக்கூடக் கொஞ்சம் கூட்டித்தான் அழுதான்" என்பாள்.

ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் அவர் கூட்டாமல், குரலை இறக்கிச் சொல்வார். கப்பலில் வயலின்காரர்கள் கிடையாது. அத்தனை பேருக்குக் கட்டிலும் சோறும் யார் போடுவது? அவருடைய கீபோர்டில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் ஒரு கூட்டமே வாசிப்பதுபோல ஊ என்று ஒரு சத்தம் வரும்.

"அந்த ஊவக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஜனங்க ஆடினாங்க, ஜோவி. கல்யாண நாளக் கொண்டாடினாங்க. ஒரு கிழவி எங்கிட்ட வந்து வயலின்காரங்க எங்கன்னு கேட்டா. உள்ள சாப்பிடுறாங்கன்னு சொல்லிட்டேன். முப்பது வருஷமா பொய் வயலின். சாகறதுக்குள்ள ஒரே ஒரு தடவ நிஜமா வரணும்."

அதற்காகத்தான் கரைக்கு, சொந்த ஊரான இலோய்லோவுக்கு வந்ததும் படுக்கையறையை ஒலிப்பதிவு அறையாக்கினார். சுவரெல்லாம் முட்டை அட்டை, சன்னலில் பழைய மெத்தை. தன் சவப்பெட்டியைக் கோயிலிலிருந்து தூக்கிக்கொண்டு போகும்போது ஒலிக்க வேண்டியது என்று ஒரு மெட்டைக் கட்டினார். நான்கே அடி. பியானோவை ஒரே மூச்சில் வாசித்துப் பதிந்துவிட்டார். வயலின்தான் வரவில்லை. கணினிக்குள் அடைத்துத் தரும் வயலின்களில் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அவர் இறக்கிப் பார்த்தார். அவர் இறக்கிய வேகத்தில் தெருவுக்கே இணையம் நின்றுபோனது. ஒவ்வொன்றையும் அக்காவுக்குப் போட்டுக் காட்டுவார். முதலாவதைக் கேட்டு, "ஐஸ் வண்டி வந்திருக்கா?" என்றாள். இரண்டாவதைக் கேட்டு, "கொசு" என்றாள். பெரிய பெரிய சினிமாக்காரர்கள் வாங்குவது என்று அவர் தவம் கிடந்து பிடித்த மூன்றாவதை மட்டும் கொஞ்சம் நேரம் கேட்டாள்.

"இதுவும் கொசுதான். ஆனா படிச்ச கொசு."

ஜோவிதா தொலைபேசிச் சேவை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க முகம் தெரியாதவர்கள் காதில் ஓதுவார்கள். மறுமுனையில் பேசுவது ஆளா, பதிந்து வைத்த குரலா என்று முதல் சொல் வருவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். படிச்ச கொசுவை அவளும் கண்ணை மூடிக் கேட்டாள்.

"அப்பா, இதுல யாருமே மூச்சு விடல."

"என்னது?"

"பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மனுசங்க மூச்ச உள்ள இழுப்பாங்க. இவங்க இழுக்கல. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க வாய்ப்பாடு ஒப்பிக்கற மாதிரி எல்லாரும் ஒரே நேரத்துல டாண்ணு ஆரம்பிக்கறாங்க. ஒருத்தர் கொஞ்சம் முந்தி, ஒருத்தர் கொஞ்சம் பிந்தி, ஒரு நாற்காலி கிறீச்சுனு... ஒண்ணும் இல்ல. ஆளே இல்லாத வீடு மாதிரி இருக்கு."

சிப்ரியானோ அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு ஆக்சிஜன் உருளை கொண்டு வந்தவனிடம், மருந்துக் கடைக்காரரிடம், நுரையீரல் மருத்துவரிடம், எல்லாரிடமும் ஒன்றையே சொன்னார்: "உலகத்துல கோடிப் பேர் காதால கண்டுபிடிக்க முடியாதத எம்பொண்ணு கண்டுபிடிச்சா." மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவிட்டு, "கொஞ்ச நேரம் பேசாம இருங்க, நான் உங்க மூச்சக் கேக்கணும்" என்றார்.

அந்தத் தெருவில் ஒரே ஒரு வயலின் இருந்தது. அது ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒனோஃப்ரேயினுடையது. அவர் வயலினைக் கேட்டுப் பல் கூசி, அவரிடமே பிடுங்கிக்கொள்ள வந்தவர்கள் உண்டு. ஒருமுறை வாசித்ததை மறுமுறை அதேபோல வாசிக்க அவருக்குத் தெரியவே தெரியாது. கை நடுங்கும். முந்துவார், பிந்துவார். சிப்ரியானோவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. படிச்ச கொசுவை அடியில் மெல்லிசாக விரித்து, அதன் மேல் டாக்டரை அடுக்குவது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு தடவையும் நாற்காலியை வேறு மூலைக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் அவர் வேறு ஆளாகிவிடுவார்.

தியா சோலிங்குக்கு இந்தக் கணக்கு அடுப்படியிலிருந்தே கேட்டது.

"ஒரு பல் டாக்டர அறுபது தடவ உக்கார வெச்சா அறுபது பேர் ஆயிடுவாங்களா? அப்ப நான் ஒரு கோழிய அறுபது தடவ சட்டியில முக்கி எடுத்தா அறுபது கோழி ஆயிடுமா? இந்தாய், உங்கப்பன் மூளைக்கு ஆக்சிஜன் போகுதான்னு பாரு."

ஜோவிதா அவளுக்கு என்றைக்கும் இந்தாய்தான், சின்னப் பெண். சொன்னாளே தவிர, டாக்டர் வில்லை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி அரிசியோடு கொல்லைக்குப் போனாள். பக்கத்து வீட்டுச் சண்டைச் சேவல்களுக்கு நேரம் காலம் கிடையாது. உலகத்தில் எங்கே விடிந்தாலும் அவை இங்கே கூவும். வாயில் அரிசி இருந்தால் கூவ முடியாதல்லவா. நம்பிக்கை இல்லாமலே அவள் தூவிய அரிசியில் அந்த வாரம் சேவல்கள் சண்டைக்கு லாயக்கில்லாத அளவுக்குக் கொழுத்துவிட்டன.

கையைத் தூக்கி டாக்டருக்குத் தாளம் கொடுக்கத்தான் சிப்ரியானோ நினைத்திருந்தார். இரண்டாம் நாளே கை எழும்பவில்லை. விரலால் கொடுத்தார். பிறகு விரலும் கேட்கவில்லை. ஒவ்வொரு அடி தொடங்குவதற்கும் முன்னால் வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுத்தார். டாக்டர் அதைக் கேட்டு வில்லை இறக்கினார். அவர்களுக்குள் அது பழகிப்போயிற்று.

கஞ்சி குடித்த அன்று மத்தியானம் மிச்சம் இருந்தது கதவு மூலை மட்டும்.

"இதோட அறுபது" என்றார் சிப்ரியானோ. அது அவர் கணக்கு. யாரும் எண்ணவில்லை.

டாக்டர் நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, கைக்குட்டையை முகவாயில் மடித்து வைத்து, கண்ணை மூடினார். தியா சோலிங் அரிசியோடு கொல்லைக்குப் போனாள். ஜோவிதா திரைப்பக்கம் திரும்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். காதுக்குள் அந்தச் சின்ன அறை வேறு அறையாக விரிந்தது. ஆக்சிஜன் ஸ்ஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரின் முழங்கால் ஒரு தடவை சொடுக்கியது. மெத்தைக்கு அப்பாலிருந்து தியா சோலிங் சேவல்களைத் திட்டுவது, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தது.

அப்பா மூச்சை இழுத்தார். முதல் அடி.

மறுபடி இழுத்தார். இரண்டாம் அடி. வில் கொஞ்சம் பிசிறியது; பரவாயில்லை.

மூன்றாவதற்கு இழுக்க நேரமானது. பாதி மூச்சுதான் வந்தது. டாக்டர் அதையே எடுத்துக்கொண்டு வாசித்தார்.

நான்காம் அடிக்கு டாக்டர் காத்திருந்தார். வில் தந்திக்கு மேலே தொங்கியது. ஜோவிதா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வரும் இடத்தில் எப்போதும் ஒரு சின்ன மேடு எழும்பும். எழும்பவில்லை. தன் காதுதான் தவறவிட்டது என்று நினைத்தோ என்னவோ டாக்டர் தானாகவே தொடங்கினார். அவர் ஆயுளில் சுருதி விலகாமல் வாசித்த அடி அது ஒன்றுதான். ஜோவிதா திரும்பிப் பார்க்கவில்லை. அவரை முடிக்க விட்டாள். கடைசி ஸ்வரம் முட்டை அட்டைகளுக்குள் போய் அடங்கியது. பிறகு ஸ்ஸ் மட்டும்.

"நல்லா வந்துச்சில்ல?" என்று டாக்டர் கண்ணைத் திறந்தார். "இன்னொண்ணு போடலாமா, சிப்ரி?"

தியா சோலிங் வெறுங்கையைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். வாசலிலேயே நின்று கட்டிலைப் பார்த்தாள். பிறகு நேரே போய் உருளையின் திருகை மூடினாள். தம்பியின் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். அது தலைமுடியைக் கலைத்துவிட்டிருந்தது. எச்சில் தொட்டு ஒதுக்கிவிட்டாள்.

"டாக்டர், நாற்காலிய எடுங்க" என்றாள். "ஆளுங்க வருவாங்க. வழிய விடுங்க."

அன்று சாயங்காலத்துக்குள் வீடு அவள் கைக்குப் போய்விட்டது. இலோய்லோவில் அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் சமையலும் சட்டமும் தியா சோலிங்தான். கண்ணாடி மூடி போட்ட பெட்டி முன்னறையில் வந்து உட்கார்ந்தது. முற்றத்தில் இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் ஆட மாஜாங் மேசைகள், பிஸ்கட் டப்பாக்கள், ஆறவே ஆறாத காபி. வீட்டைப் பெருக்கக் கூடாது. வந்தவர்களை வாசல்வரை போய் வழியனுப்பக் கூடாது. கண்ணாடியில் கண்ணீர் சொட்டக் கூடாது. செத்தவனுக்காக ஆக்கிய சோற்றில் ஒரு பருக்கைகூட எவரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. செத்தவனுக்காக வாசித்தவர்கள் சாப்பிடாமல் போகவே கூடாது. போனால் அவன் அவர்கள் பின்னாலேயே போய்விடுவான். அவள் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. அழுவதற்கு அவளுக்கு நேரம் எங்கே இருந்தது?

ஜோவிதா பகலில் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனோடு உட்கார்ந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் கதவைப் பார்த்து, பாவம், தனியா அழறா என்றார்கள். மூன்றாம் நாள் தியா சோலிங் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"என்னடி பண்றே?"

"அப்பா கேட்டதத்தான், தியா. கோயில்லேர்ந்து தூக்கறப்ப போடறதுக்கு."

"பாசிலியோகிட்ட பேண்டுக்குச் சொல்லியாச்சு. பத்து பேர் வர்றாங்க."

"பேண்டு தெருவுல வாசிக்கட்டும். கோயிலுக்குள்ள இது."

"பெட்டிக்கு முன்னாடி ரேடியோ போடப் போறியா?" தியா சோலிங் குரலை உயர்த்தவில்லை, முன்னறையில் ஆட்கள் இருந்தார்கள். "செத்தவனுக்கு உயிரோட இருக்கறவன் வாசிக்கணும், இந்தாய். வேர்த்து விறுவிறுத்து வாசிக்கணும். வாசிச்சிட்டு வந்து பசிக்குதுன்னு உக்காரணும். டப்பாலேர்ந்து வர்ற சத்தம் கோயில் கூரையக்கூடத் தாண்டாது. உங்கப்பன் வாழ்நாள் முழுக்க ஊரச் சிரிக்க வெச்சான். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பெட்டிக்குள்ள படுத்துக்கிட்டும் அவன் பொய் சொல்றான்னு நாலு பேர் சிரிச்சா, அத நான் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன்."

"சிரிக்க மாட்டாங்க."

"கொசுச் சத்தத்துக்குச் சிரிக்காம?"

ஜோவிதா எழுந்து நின்றாள். இதற்கு முன் அவள் இந்த அத்தையிடம் எதிர்த்துப் பேசியதில்லை. பேசிப் பிழைத்தவர்களும் அந்தப் பங்கில் இல்லை.

"ஒருத்தர் சிரிச்சாலும் அந்த நிமிசமே நிறுத்திடறேன், தியா. நீங்களே மேல பாத்துக் கையக் காட்டுங்க. நிறுத்திடறேன்."

தியா சோலிங் கணினியைப் பார்த்தாள். சன்னல் மெத்தையைப் பார்த்தாள். வெறும் கட்டிலைப் பார்க்கவில்லை.

"நான் கோயிலுக்குள்ளயே இருக்க மாட்டேன். பக்கத்துக் கூடத்துல பந்திக்கு ஏற்பாடு பண்ணணும். யாராவது சிரிச்சா எனக்குச் சுவர் வழியாக் கேக்கும். அப்ப வர்றேன், கரண்டியோட."

அது அனுமதி.

வேலை லேசில் முடியவில்லை. ஒவ்வொரு பதிவிலும் வயலினுக்கு முன்னால் அந்த ஸ்ஸ் இருந்தது. எட்டிப் பார்த்த டாக்டர் ஒனோஃப்ரே, "இரைச்சல அழிக்க ஒரு பொத்தான் இருக்குமே, எங்க வீட்டுல மருமகன் பண்ணுவான். அழிச்சிடும்மா. சுத்தமாயிடும்" என்றார். அவள் அழுத்திப் பார்த்தாள். ஸ்ஸ் போயிற்று. அதோடு அப்பாவின் மூச்சும் போயிற்று. வில் தந்தியில் டாண்ணு வந்து விழுந்தது. டாக்டரே முகம் சுளித்தார்.

"இது என்ன, செத்துப்போச்சு" என்றவர், சொன்ன பிறகுதான் வாயை மூடிக்கொண்டார்.

அவள் பழையபடி திருப்பி வைத்தாள். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஒவ்வொன்றையும் மயிரிழை முன்னால், மயிரிழை பின்னால் தள்ளி வைத்தாள். அத்தனை ஸ்ஸும் ஒன்றாகச் சேர்ந்தபோது அது இரைச்சலாக இல்லை. பெரிய மண்டபத்தில் நிறையப் பேர் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது ஒரு காற்று நிற்குமே, அந்தக் காற்றாக இருந்தது. அதற்குள்ளிருந்து எல்லாரும் சேர்ந்து மூச்சை இழுத்தார்கள்.

ஜோவிதா அதற்கு மேல் கேட்காமல் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். முற்றத்தில் யாரோ மாஜாங்கில் ஜெயித்துக் கூச்சல் போட்டார்கள்.

அடக்க நாளன்று கோயிலில் இடம் இல்லை. கப்பலில் கூட வேலை பார்த்தவர்கள், கடன் சொன்னவர்கள், திமிங்கிலக் கதை கேட்டவர்கள், பல் பிடுங்கிக்கொண்டவர்கள், எல்லாரும் வந்திருந்தார்கள். பாடகர் மாடியில் ஜோவிதாவும் டாக்டரும் மட்டும். பக்கத்து வீட்டுக் கரவோக்கே ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டை பாசிலியோவின் மச்சான் தூக்கி வந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். ஒன்றின்மேல் துள்ளும் டால்பின் படம் ஒட்டியிருந்தது. டாக்டர் வயலினைப் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை; பழக்க தோஷத்தில் கொண்டு வந்திருந்தார்.

பூசை முடிந்தது. சவப்பெட்டியைத் தூக்கினார்கள். கீழே வாசலில் பாசிலியோவின் பேண்டுக்காரர்கள் வாத்தியங்களைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஜோவிதா விசையைத் தட்டினாள். தட்டிய விரல் அங்கேயே நின்றுவிட்டது.

முதலில் பியானோ. எல்லாருக்கும் தெரிந்த பியானோ. யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். பிறகு அந்தப் பழைய கோயிலின் உத்தரங்களுக்கு அடியில், மேலே, ஒரு பெரும் கூட்டம் மூச்சை இழுத்தது.

கீழே இருந்த தலைகள் ஒன்றுவிடாமல் திரும்பி மேலே பார்த்தன.

வயலின்கள் இறங்கின. கொஞ்சம் முந்தியவர்களும் பிந்தியவர்களுமாக, முதுமையும் நடுக்கமும் பிடிவாதமுமாக இறங்கின. பெட்டியைச் சுமந்தவர்கள் நடுவழியில் நடக்க மறந்து நின்றுவிட்டார்கள். பாதர் தூபக்கலசத்தை ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஜோவிதா மாடியின் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிரிப்பைத் தேடினாள். வாசலில் பாசிலியோ டிரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொப்பியைக் கழற்றினார்.

இரண்டாம் அடி முடியும்போது மாடிப் படிகள் முறிவதுபோல முனகின. படியில் ஆள் தெரிவதற்கு முன்பே குரல் ஏறி வந்தது.

"ஏன்டி, முன்னாடியே சொல்லித் தொலைக்க மாட்டியா? காலேஜ் பிள்ளைங்களா? இம்மாம் பேரக் கூட்டிட்டு வந்திருக்க, நான் பத்து பேண்டுக்காரனுக்கும் வீட்டாளுங்களுக்கும்தான் ஒல வெச்சேன்! இப்ப ரெண்டாவது அண்டா ஏத்திட்டு ஓடி வர்றேன். தட்டு வேற இரவல் வாங்க அனுப்பியிருக்கேன். வாசிச்சு முடிச்சதும் ஒருத்தரும் கெளம்பக் கூடாதுன்னு சொல்லு, சாப்பிட்டுட்டுத்தான்..."

தியா சோலிங் மேலே வந்துவிட்டாள். சமையலுக்குக் கட்டியிருந்த துணி மார்போடு ஈரமாக இருந்தது. கையில் கரண்டி. கரண்டியிலிருந்து ஒரு பருக்கை மாடிப் பலகையில் விழுந்தது.

அவள் ஜோவிதாவைப் பார்த்தாள். கைக்குட்டையை முகத்தோடு அழுத்திக்கொண்டிருந்த டாக்டரைப் பார்த்தாள். டால்பினைப் பார்த்தாள். பிறகு பழைய ஆர்கனைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். தூண்களுக்குப் பின்னால் பார்த்தாள். யாரோ ஒளிந்துகொண்டு விளையாடுவதைப்போல, சந்தடியில்லாமல் நடந்து, மணிக்கூண்டுக்குப் போகும் சின்னக் கதவைக்கூடத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாம் அடி போய்க்கொண்டிருந்தது.

கரண்டியை ஆர்கன் மேல் வைத்தாள். டால்பின் பெட்டிக்கு முன்னால் குனிந்து, அதன் கறுப்புத் துணியில் உள்ளங்கையைப் பதித்தாள். இருமல் வரும்போதெல்லாம் தம்பியின் நெஞ்சில் இப்படித்தான் வைத்து அழுத்துவாள்.

நான்காம் அடிக்கு எல்லாரும் மூச்சை இழுத்தார்கள். அத்தனை பேரில் ஒருவர் மட்டும் இழுக்கவில்லை. அது ஜோவிதாவுக்கும் டாக்டருக்கும்தான் தெரியும்.

தியா சோலிங் கையை எடுக்கவில்லை.

கீழே மறுபடி நகர்ந்த பெட்டி வாசலைத் தாண்டியது. வயலின்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. காற்று மட்டும் நின்றது. ஜோவிதா நிறுத்தப் போனாள்.

"இரு."

ஸ்ஸ் தானாக அடங்கும்வரை மூன்று பேரும் நின்றார்கள். வெளியே பாசிலியோவின் பேண்டு தொடங்கவே இல்லை. அவர்கள் கீழிருந்தபடி யாராவது இறங்கி வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சோறு அடி பிடிச்சிடும்" என்று சொல்லிவிட்டுத் தியா சோலிங் இறங்கிப் போனாள். கரண்டியை மறந்துவிட்டாள். ஜோவிதாதான் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

கல்லறையிலிருந்து திரும்பியபோது எல்லாருக்கும் பசி. கூடத்தில் வீட்டாருக்கு ஒரு மேசை, பேண்டுக்கு ஒரு மேசை. அவற்றைத் தள்ளி, சுவரோரமாக, பலகைகளை இணைத்துப் போட்ட நீளமான மேசை. அதில் ஊரில் உள்ள தட்டுகளெல்லாம் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. பீங்கான், தகரம், பிளாஸ்டிக், ஓரம் உடைந்தது, பூப்போட்டது. நாற்காலிகள்தான் போதவில்லை, கோயில் பெஞ்சுகளை இழுத்துப் போட்டிருந்தாள்.

பாசிலியோ அந்த வரிசையில் ஒரு பெஞ்சில் காலைத் தூக்கிப் போட்டார். கரண்டிக் காம்பு அவர் தோளில் விழுந்தது.

"உன் எடம் அங்க. இது அவங்களுது."

"எவங்களுது, தியா?"

"மேல வாசிச்சவங்களுது."

பாசிலியோ தோளைத் தடவிக்கொண்டு ஜோவிதாவைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"மேல ரெண்டு கரவோக்கே பெட்டிதான் இருந்துச்சுன்னு என் மச்சான் சொல்றான். நம்ம சிப்ரி அறுபது வயலின் வரும்னு ஊரெல்லாம் அளந்துட்டுப் போனான். நீங்க மேல ஏறிப் பாத்தீங்களே, நீங்க சொல்லுங்க. யாராவது வந்தாங்களா, இல்லியா?"

பேண்டுக்காரர்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்கள். தியா சோலிங் சோற்றுப் பக்கம் திரும்பினாள். அண்டாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மேசையின் ஒரு முனையிலிருந்து தொடங்கினாள். முதல் தட்டில் ஒரு கரண்டி சோறு. அடுத்ததில் ஒரு கரண்டி. உடைந்த ஓரத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்து அதிலும் ஒரு கரண்டி. யாருக்கும் கூடவில்லை, யாருக்கும் குறையவில்லை. ஜோவிதா கோழிக் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்து, சோற்றின்மேல் ஊற்றிக்கொண்டே போனாள். ஆவி ஒவ்வொரு தட்டாக எழும்பியது. டாக்டர் ஒனோஃப்ரே எழுந்து வந்து தண்ணீர்க் குவளைகளை வைக்க ஆரம்பித்தார்.

கடைசித் தட்டுக்கு வந்தபோது அண்டாவில் சோறு இல்லை. தியா சோலிங் அடியைச் சுரண்டினாள். சுரண்டியதைத் தட்டில் தட்டி வைத்து, விரலால் ஒதுக்கி அழகாகக் குவித்தாள். அண்டாவைக் கீழே இறக்கினாள். யார் பக்கமும் திரும்பாமல், அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வந்தாங்க. எல்லாரும் வந்தாங்க."